சேவலின் கடன்

கல்லூரி விழா மலரிலே கோழி முட்டையைப் பற்றி ஒரு பாடம் எழுதுவதா என்று பழைய மாணவர் சிலர் வியக்கக்கூடும். மலருக்கு அணியாவன இலக்கியமும் சமயமும் வரலாறுமே என்பது பெருவழக்கு. ஆயினும், நாள்தோறும் கைப்படுகின்ற ஒரு பொருளைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்துப் பிழைபட்டிருக்குமாயின், அதனைத் திருத்துவதும் ஆசிரியன் கடனேயாம். தமிழ் கற்பிக்கும் எமக்கு இத்துறையிலே புக உரிமை யாது எனின், தொல்காப்பியத்து மரபியலைப் படிப்பிக்கும்போது, "சேவல் இல்லாமற் கோழி முட்டையிடுமா?" என்று வினாவாத மாணாக்கர் குழு அரிது என்பதே எமது விடை. வினா எழுந்த இடத்திலே விடை கூறாது செல்லுதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

இவ்வினாவை வெறும் வேடிக்கை வினா என்று தள்ளிவிடவும் இயலாது. வடக்கே மருதமுனை, பாண்டிருப்பு தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கு நோக்கிச் செல்லும் இக்கரையோரத்திலே, முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இவ்விரு சாராரிடத்தும் வீடும் வளவும் பெண்வழிச் செல்லும் பழக்கம் தொன்றுதொட்டு உண்டு. அவ்வளவிலே மேயும் நாலைந்து கோழிகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைப்பொருள். பிள்ளையின் கொப்பிக்கும் பேனைக்கும் அவசரத்திற்கு உதவுவது அம்முட்டைக் காசே. அத்தகைய ஒரு தாய், நல்ல முட்டை என்று நம்பிக் கடையிலே வாங்கிய முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைத்து, 21 நாள் காத்திருந்து, ஒரு குஞ்சும் காணாது, "இந்தக் கோழி இராசியில்லாதது" என்று அதனை அறுக்கக் கொடுப்பாளாயின், இழப்பு இரண்டாகும். பிழை கோழியினிடத்தும் இல்லை, இராசியினிடத்தும் இல்லை. பிழை அறியாமையினிடத்தே உள்ளது. ஆகவே இப்பாடம்.

பெயர் மரபு

முதலிலே நம் முன்னோர் இவற்றை எவ்வாறு பெயரிட்டு வழங்கினர் என்பதை நோக்குவோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என்பவற்றை வகுத்துக் கூறுகின்றது. சிறகுடைய பறவைகளின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயர் பொதுவென்றும், மயிலுக்கு மாத்திரம் அது பொருந்தாதென்றும் ஆசிரியர் விதிக்கின்றார். பெண்பறவைக்குப் பேடை என்றும் பெடை என்றும் பெயர். கோழிக்கும் கூகைக்கும் சிறப்பாக அளகு என்பதும் உரியது. பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்பன பெயர்கள். இன்று நாம் சேவல் என்றவுடன் கோழிச் சேவலையே எண்ணுகின்றோம்; ஊர் வழக்கிலே பெண்ணைப் பேடு என்றும் பெட்டை என்றும் கூறுகின்றோம். பழைய பொதுப் பெயர் ஒன்று சிறப்புப் பெயராகச் சுருங்கியமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

சைவ நூல்கள் உயிர்களின் தோற்றத்தை நால்வகையாகப் பகுத்து, முட்டையிலிருந்து தோன்றுவனவற்றை அண்டசம் என்று கூறும். வடமொழியிலே பறவைக்குத் துவிஜம், அஃதாவது இருமுறை பிறப்பது, என்று ஒரு பெயர் உண்டு. முட்டையாக ஒரு முறையும் குஞ்சாக ஒரு முறையும் பிறத்தலால் வந்த பெயர் அது. இப்பெயர் எமது பாடத்திற்கு மிக உதவுவது. ஏனெனில், கருக்கட்டாத முட்டை என்பது முதற்பிறப்பு மாத்திரம் உடையது. இரண்டாம் பிறப்புக்கு வழியில்லாதது. இவ்விரண்டிற்கும் இடையிலே நிற்பவனே சேவல்.

முட்டை உருவாகும் வழி

சேவல் இல்லாமற் கோழி முட்டையிடுமா? இடும். தடையின்றி இடும். முட்டையிடுதல் பேட்டின் உடலிலே இயல்பாக நிகழும் ஒரு தொழில். அதற்குச் சேவலின் துணை வேண்டியதில்லை. அஃது எவ்வாறு என்று காண்போம்.

கோழிக்குஞ்சு முட்டைக்குள் வளரத் தொடங்கும்போது வலம், இடம் என இரு சூலகங்களுக்கும் அடித்தளம் உண்டு. ஆயின் பேடு வளருங்கால் பெரும்பாலும் இடப்பக்கத்துச் சூலகமே முற்றுப்பெற்றுத் தொழிற்படும். அதிலே சிறிதும் பெரிதுமான சூல்கள், குரும்பை குலை கட்டியதுபோலத் தொங்கும். நாம் மஞ்சட்கரு என்று கூறுவது உண்மையிலே ஒரு சூலே. ஊட்டப்பொருள் நிரம்பிப் பருத்த ஒரு தனிக் கலம். அது முதிர்ந்தவுடன் சூலகத்தை விட்டு விடுபட்டுச் சூலகக்கானின் அகன்ற வாயினுள் விழுகின்றது. அவ்வாயிலே அது தங்குவது கால் மணி நேரம் அளவே. பின்னர் அடுத்த பகுதியிலே ஏறத்தாழ 3 மணி நேரம் செல்ல, வெண்கரு அதனைச் சூழ்ந்து படிகின்றது. அதனை அடுத்த ஒடுங்கிய பகுதியிலே ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகத் தங்க, ஓட்டின் உட்புறத்து மென்சவ்வுகள் இரண்டும் அமைகின்றன. இறுதியிலே ஓடு கட்டும் அறையிலே ஏறத்தாழ 20 மணி நேரம் கிடந்து சுண்ணாம்பு ஓட்டைப் பெறுகின்றது. ஆக, ஒரு முட்டை உருவாகி வெளிவர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். முட்டையிடும் நேரம் நாள்தோறும் சற்றுப் பிந்திப் பிந்திச் சென்று, ஒரு நாள் இடைவிட்டு மீண்டும் காலையிலே தொடங்குவதன் காரணம் இதுவே.

இத்தொழில் அனைத்தையும் ஆளுவது உணவும் வெளிச்சமும் பேட்டின் உடலிற் சுரக்கும் ஓமோன்களுமாம். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உணவிலே குறையுமாயின், பேடு தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதுவும் போதாதவிடத்துத் தோல்முட்டை இடும். கடற்கரையிலே வாழும் நமக்குச் சிப்பி ஓட்டிற்குக் குறைவில்லை. அதனை இடித்துத் தீனியோடு வைப்பது நன்று. முட்டையிடும் கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்னும் பழமொழியின் உண்மை இங்கே விளங்கும்.

சேவலின் பங்கு

அவ்வாறாயிற் சேவலின் தொழில் யாது? முட்டைக்கு அன்று, குஞ்சுக்கே சேவல் வேண்டும். ஊர்வழக்கிலே 'சேவல் மிதித்தல்' என்று கூறப்படும் சேர்க்கையின்போது சேவலின் விந்து பேட்டின் உடலினுட் புகுகின்றது. அது சூலகக்கானின் கீழ்ப்பகுதியிலே, ஓடு கட்டும் அறைக்கு அண்மையில் உள்ள நுண்ணிய குழாய்களிலே சேமித்து வைக்கப்படுகின்றது. அங்கிருந்து சிறிது சிறிதாக மேலேறி, சூல் வந்து விழும் அகன்ற வாயிலை அடைகின்றது. வெண்கரு மூடிக்கொள்வதற்கு முன்னர், அந்தக் கால் மணி நேரத்திற்குள், சூலும் விந்தும் கூடுதல் வேண்டும். கூடினாற் கருக்கட்டல் நிகழும். கூடாவிட்டால் அச்சூல் வெறுஞ் சூலாகவே வழிநடந்து முட்டையாகி வெளிவரும். வெளியிலே நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

விந்து பேட்டின் உடலிலே சேமிக்கப்படுதலால், நாள்தோறும் சேர்க்கை வேண்டியதில்லை. ஒரு முறை சேர்ந்த பின்னர் பத்து நாள் முதல் இரண்டு கிழமை வரை கருக்கட்டிய முட்டைகள் கிடைக்கலாம். பின்னர் படிப்படியாகக் குறைந்து மறையும். புதிதாகச் சேவலை விட்டவர், மறுநாள் முட்டையையே அடை வைக்காது, ஒரு கிழமை கழித்துச் சேர்க்கும் முட்டைகளைக் கொள்ளுதல் நலம். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேடுகள் வரை அளவாகும். சேவல்கள் மிகுந்தால் ஒன்றோடொன்று போரிடுவதிலும் பேடுகளைத் துரத்துவதிலும் காலம் கழியுமேயன்றிக் குஞ்சுகள் மிகா.

எமது ஊர்களிலே இன்னுமொரு நிலை உண்டு. ஒரு வீட்டிலே சேவல் இல்லாதிருக்கும். ஆயினும் அவ்வீட்டுப் பேட்டின் முட்டை பொரிக்கும். அதிலே வியப்பில்லை. மனிதர் வளவுக்கு வேலி கட்டினர். கோழிக்கு அந்த உறுதி தெரியாது. அயல் வளவுச் சேவல் வேலியைத் தாண்டி வந்து சென்றிருக்கும். எந்த ஊராருடைய சேவல் என்று பேடு வினாவுவதுமில்லை.

பேட்டின் துணையின்றிச் சேவலாற் பயனில்லை என்பது வெளிப்படை. சேவலின் துணையின்றிக் குஞ்சு உண்டாகுமா என்பது அறிஞரையே மருட்டிய வினா. 1950களிலே அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் என்னும் இடத்து ஆராய்ச்சி நிலையத்திலே, ஆணோடு சேராத வான்கோழிகள் இட்ட முட்டைகள் சிலவற்றிலே கரு தானே வளரத் தொடங்கியமையை ஒல்சன் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். மிகச் சில குஞ்சாகவும் வெளிவந்தன. அவை யாவும் ஆணாகவே இருந்தன. இஃது அரிய விலக்கு. விலக்கைக் கொண்டு விதியை மறுத்தல் இலக்கணத்திற்கும் ஆகாது, இயற்கைக்கும் ஆகாது.

கருவை நாடிய அறிஞர்

முட்டைக்குள் நிகழ்வதை முறையாக நோக்கியவருள் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் முதன்மையானவர். கிறித்துவுக்கு முன் 4 ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த அவர், அடை வைத்த முட்டைகளை நாளொன்றாக உடைத்து நோக்கி, மூன்றாம் நாளளவிலே வெண்கருவின் நடுவே ஒரு குருதிப் புள்ளி துடிப்பதையும், அதுவே இதயம் என்பதையும் எழுதி வைத்தார். பொரிக்காத முட்டையைக் கிரேக்கர் காற்று முட்டை என்று வழங்கினர். காற்றினாற் கருவுற்றது என்பது அவர்களிற் சிலர் எண்ணம்.

குருதிச் சுற்றோட்டத்தை நிலைநாட்டிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1651 இல் உயிர்களின் தோற்றத்தைப் பற்றி வெளியிட்ட நூலிலே கோழி முட்டையின் வளர்ச்சியை நாள்வாரியாக விரித்தார். ஆயினும் சேவலின் பங்கு யாது என்பது அவருக்கும் தெளிவாகவில்லை, நுணுக்குக்காட்டி வேண்டியிருந்தது. 1677 இல் ஒல்லாந்தராகிய லீவன்ஹூக் அக்கருவியினால் விந்திலே நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். அதன் பின்னரும் ஏறத்தாழ 200 ஆண்டுகள் சென்று, 1876 இலேயே ஒஸ்கார் ஹெர்ட்விக் என்னும் செருமானிய அறிஞர், கடல் முள்ளியின் சூலுக்குள் விந்தின் கரு புகுந்து ஒன்றாவதைக் கண்ணாரக் கண்டு எழுதினார். நம் அடுக்களை முட்டையிலே அடங்கிக் கிடந்த மறைபொருள் வெளிப்பட இத்துணைக் காலம் சென்றது. ஆகவே மாணாக்கர் ஒருவர் இதனை அறியாதிருத்தல் நாணத்தக்கதன்று. அறிய வாய்ப்பிருந்தும் வினாவாதிருத்தலே நாணத்தக்கது.

வேறுபாடு அறிதல்

ஓட்டைப் பார்த்துக் கருக்கட்டியது இது, கட்டாதது அது என்று எவராலும் கூற இயலாது. உடைத்துப் பார்த்தால் மஞ்சட்கருவின் மேற்புறத்திலே ஒரு வெண்புள்ளி தோன்றும். எல்லா முட்டையிலும் அஃது உண்டு. கருக்கட்டாததிலே அப்புள்ளி சிறிதாய், ஒழுங்கற்ற ஓரத்தோடு, கட்டியான வெண்மையாய் இருக்கும். கருக்கட்டியதிலே சற்றுப் பெரிதாய், வட்ட வளையம்போல ஓரம் வெளுத்தும் நடு தெளிந்தும் இருக்கும். முட்டை வெளிவருமுன்னரே பல்லாயிரங் கலங்களாகப் பிரிந்துவிட்ட முளையமே அவ்வளையம்.

உடையாமல் அறிய வேண்டுமாயின், அடை வைத்து 5 முதல் 7 நாள் சென்றபின், இருட்டறையிலே டோர்ச் வெளிச்சத்தின் முன் முட்டையைப் பிடித்துப் பார்க்கலாம். கருவளர்வதாயின் சிலந்தி வலைபோலச் செந்நரம்புகள் ஓடுவது தெரியும். கருவற்றதாயின் வெறுமையாய்த் தெளிந்து தோன்றும். தெளிந்தவற்றை அப்பொழுதே எடுத்துவிட்டால், அடைக்கோழியின் கதகதப்பு வேண்டியவற்றிற்கே சென்று சேரும்.

இனி, ஊரிலே வழங்கும் சில பிழைக் கருத்துகளைக் களைவோம்.

முட்டையுள் இரத்தப் புள்ளி கண்டால் அது சேவல் மிதித்த முட்டை என்பர். அன்று. சூல் விடுபடும்போது சூலகத்திலே ஒரு நுண்குழாய் வெடித்துச் சிந்திய குருதியே பெரும்பாலும் அப்புள்ளி. சேவலைக் காணாத பேட்டின் முட்டையிலும் அது தோன்றும்.

மஞ்சட்கருவின் இருபுறத்தும் முறுக்கிய வெண்திரிபோலக் கிடப்பதைச் சேவலின் விந்து என்பாரும் குஞ்சின் குடல் என்பாரும் உளர். அதுவும் பிழை. மஞ்சட்கருவை நடுவிலே நிறுத்திப் பிடித்திருக்கும் வெண்கருக் கயிறே அது. முட்டை புதிதாயின் அத்திரி தடித்துத் தெரியும்.

கருக்கட்டிய முட்டைக்குச் சத்து மிகுதி என்பர். உணவுச் சத்திலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 50 கிராம் எடையுள்ள முட்டையிலே ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. இரு வகைக்கும் இஃது ஒக்கும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சட்கருவின் நிறம் அது தின்ற தீனியைப் பொறுத்தது. ஊர்க்கோழி முட்டையின் கரு சிவந்திருப்பது, அது பச்சிலையும் புழுவும் கொத்தித் தின்றமையாலேயன்றிச் சேவலால் அன்று.

கடைகளிலே விற்கும் பண்ணை முட்டைகள் பெரும்பாலும் கருக்கட்டாதவை. அப்பண்ணைகளிலே பேடுகள் மாத்திரமே வளர்க்கப்படுகின்றன. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 300 முட்டை இடும் இனங்கள் அவை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியினாலே தீனித் தட்டுப்பாடு உண்டாகி, முட்டை உற்பத்தி குன்றியமையால், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டைகள் இலங்கைக்கு இறக்குமதியாயின. முதலிலே அவை வெதுப்பகங்களின் தேவைக்கென்றே வந்தன. அத்தகைய முட்டையை அடை வைப்பது, அவித்த நெல்லை விதைப்பதற்கு ஒப்பாகும்.

வெப்ப நாட்டின் விதி

இக்கரையோரத்தார் சிறப்பாக அறியவேண்டியது ஒன்று உண்டு. கருக்கட்டிய முட்டை வெளிவந்து குளிர்ந்தவுடன் முளையத்தின் வளர்ச்சி நின்று உறங்குகின்றது. ஏறத்தாழ 21 பாகை செல்சியசுக்குக் கீழே அவ்வுறக்கம் நிலைக்கும். 37.5 பாகை அளவிலே 21 நாள் காத்தாற் குஞ்சு வெளிவரும். ஆனால் எமது ஊர்ப் பகல் வெப்பமோ 30 பாகையைத் தொடுவது. அவ்வெப்பத்திலே கிடக்கும் கருக்கட்டிய முட்டையின் முளையம் முற்ற உறங்கவும் மாட்டாது, செம்மையாக வளரவும் மாட்டாது. அரைகுறையாக வளர்ந்து மடியும். முட்டை விரைவிலே கெடும். கருக்கட்டாத முட்டையிலே வளர்வதற்கு யாதும் இன்மையின், அது கூடுதலான நாள் தாங்கும்.

இதனை அறிந்தே, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்க விவசாயத் திணைக்களம், குஞ்சு பொரிக்கும் பருவம் கழிந்தபின் கோடைகாலத்திலே சேவல்களைப் பிரித்துவிடும்படி உழவரைத் தூண்டியது. உண்பதற்கான முட்டை கெடாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். நாமும் இதனைப் பின்பற்றலாம். தின்னவும் விற்கவும் உரிய முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. அடைக்கென்று சேர்க்கும் முட்டையை வீட்டின் குளிர்ந்த மூலையிலே, கூர்முனை கீழாக வைத்து, ஒரு கிழமைக்குள் அடை வைத்துவிட வேண்டும். பிந்தப் பிந்தப் பொரிக்கும் தொகை குறையும்.

குஞ்சின் பால்

மனிதரிலே பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் வித்து. தாயின் சூல் எல்லாம் ஒரே தன்மையன. தந்தையின் வித்தே இருவகைப்படும். கோழியிலே இது தலைகீழாக அமைந்துள்ளது. சேவலின் நிறமூர்த்தச் சோடி இசட், இசட் என ஒரே தன்மையது. பேட்டினுடையது இசட், டபிள்யூ என இரு தன்மையது. ஆகவே குஞ்சு சேவலா பேடா என்பது பேட்டின் சூலினாலேயே தீர்மானமாகின்றது. முன்னர்க் கூறிய வான்கோழிக் குஞ்சுகள் யாவும் ஆணாகப் பிறந்தமைக்கும் காரணம் இதுவே. ஆணின்றி வளர்ந்த சூலிலே இரண்டு இசட் அமைந்தால் ஆண் பிறக்கும். இரண்டு டபிள்யூ அமைந்தால் அது பிழையாது.

இவ்விடத்திலே ஒன்றைக் கூறாது செல்ல எமக்கு மனமில்லை. முட்டை பொரிக்காவிட்டால் நாம் முதலிலே பழிப்பது பேட்டினை. ஆயின் கருக்கட்டாமைக்குச் சேவலின் முதுமையோ நோயோ இன்மையோ காரணமாயிருத்தல் கூடும். கோழிக்கூட்டிலே செய்யும் இப்பிழையை நாம் வீட்டினுள்ளும் செய்கின்றோம். மகப்பேறு இல்லாத இல்லத்திலே மருத்துவரை நாடுமுன்னரே மனைவியை மலடி என்கின்றோம். மருத்துவம் கூறுவதோ, குறை இருவரில் எவரிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம் என்பது. பெண்மக்களையே பெற்றாள் என்று ஒருத்தியைக் குறைகூறுவாரும் உளர். பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது தாயன்று என்பதை அறிந்தபின்னும் அவ்வாறு பேசுதல் கல்விக்கு இழுக்கு. கற்றது பரீட்சைத் தாளோடு முடிந்துவிடாமல் வீட்டுக் கூடத்திற்கும் வந்து சேருதல் வேண்டும்.

காவலனாகிய சேவல்

குஞ்சுக்கு வித்திடுதலோடு சேவலின் கடன் முடிவதில்லை. தீனி கண்டால் தான் முந்தித் தின்னாது, தனிக்குரல் எழுப்பிப் பேடுகளை அழைத்துக் காட்டும் இயல்பு அதற்குண்டு. வானிலே பருந்தின் நிழல் படின் ஒரு குரலும், தரையிலே பகை வரின் வேறொரு குரலும் எழுப்பி எச்சரிக்கும். எமது மாவட்டத்துக் காடுகளிலே இலங்கைக் காட்டுக்கோழி வாழ்கின்றது; இந்நாட்டின் தேசியப் பறவை அதுவே. அதன் சேவலின் செம்பொன் நிறத்தைக் கண்டோர், வீட்டுச் சேவலின் மிடுக்கு எங்கிருந்து வந்த குலவழக்கு என்பதை உணர்வர்.

சேவல் கூவுவது வெளிச்சத்தைக் கண்டா, தானறிந்தா என்பதும் நெடுநாள் ஐயமாயிருந்தது. 2013 இல் யப்பான் நாட்டு அறிஞர், ஒளி மாறாத மங்கலறையிலே சேவல்களை வைத்து ஆராய்ந்து, அவற்றின் உடலினுள்ளேயே ஒரு காலக் கடிகாரம் உண்டு என்று நிலைநாட்டினர். 2015 இல் அவர்களே, கூட்டத்தின் தலைமைச் சேவல் முதலிலே கூவ, ஏனையவை தத்தம் வரிசைப்படி பின்னர்க் கூவும் என்றும் கண்டனர்.

கந்தபுராணத்திலே சூரபன்மனின் உடல் இரு கூறாகி, ஒன்று மயிலும் ஒன்று சேவலும் ஆயின; மயில் முருகனுக்கு ஊர்தி, சேவல் கொடி. சேவலின் கூவல் கேட்டால் இறைவனின் அருளை வேண்டும்படி நபிமொழி முஸ்லிம்களைப் பணிக்கின்றது. இக்கரையோரத்து வைகறையிலே பள்ளிவாசலின் பாங்கொலிக்கும் கோயில் மணிக்கும் இடையே எழும் அக்கூவல் இரு சாராருக்கும் பொதுவானது.

உணவும் அறமும்

இறுதியாக, எமது கல்லூரிச் சைவப் பிள்ளைகள் வினாவும் வினாவுக்கு வருவோம். கருக்கட்டாத முட்டை மச்சமா, மரக்கறியா?

இதனை ஆழ்ந்து எண்ணியவருள் காந்தியடிகளும் ஒருவர். 1888 இல் இலண்டனுக்குப் படிக்கச் சென்ற அவர், புலால் என்பதற்கு முட்டை அடங்குமா என்று ஆராய்ந்து, தம் தாய் எப்பொருளிலே தம்மிடம் சபதம் பெற்றாரோ அப்பொருளே தமக்குக் கட்டு என்று தெளிந்து முட்டையை நீக்கினார். பிற்காலத்திலே, 1942 இல் ஆகாகான் மாளிகையிலே சிறைப்பட்டிருந்தபோது எழுதிய 'ஆரோக்கியத் திறவுகோல்' என்னும் நூலிலே, சேவலோடு சேராத கோழியும் முட்டையிடும், அம்முட்டை குஞ்சாவதில்லை, ஆதலாற் பால் உண்பவர் அதனை உண்ணத் தடை கூறுதற்கு இல்லை என்னும் கருத்தை வெளியிட்டார். தம் விரதத்தையும் இயற்கையின் உண்மையையும் அவர் ஒன்றோடொன்று குழப்பவில்லை. தமிழகத்திலே 1982 இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்திலே 1989 முதல் முட்டை சேர்க்கப்பட்டபோதும், உண்ணாத பிள்ளைகளின் வழக்கத்திற்கு இடமளிக்கும் வகையிலே வாழைப்பழம் வழங்கும் முறை பின்னர் ஏற்பட்டது. முஸ்லிம் அன்பருக்கோ இவ்வினா எழுவதில்லை. உண்ணத்தக்க பறவையின் முட்டை அவர்க்கு ஆகுமானதே.

ஆனால் கருக்கட்டாத முட்டையிலே உயிர்க்கொலை இல்லை என்றவுடன் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. அம்முட்டையை இட்ட பண்ணைக் கோழி எங்கிருந்து வந்தது? சேவலும் பேடும் சேர்ந்த பெருக்குப் பண்ணையிலே, கருக்கட்டிய முட்டையிலிருந்து வந்தது. அவ்வாறு பொரித்த குஞ்சுகளிலே ஏறத்தாழப் பாதி ஆண். முட்டையிடும் இனத்து ஆண் இறைச்சிக்கும் உகந்ததன்று என்று உலகெங்கும் அவற்றைப் பொரித்த நாளிலேயே அழிப்பது தொழில் வழக்கமாயிற்று. ஆண்டுதோறும் நூற்றுக்கோடிக் கணக்கிலே இவ்வாறு மடிகின்றன. செருமனி 2022 முதலும் பிரான்சு 2023 முதலும் இதனைத் தடைசெய்தன. முட்டைக்குள்ளேயே ஆண் பெண் அறியும் முறைகளும் இப்பொழுது வந்துள்ளன. ஆகவே, சேவல் வேண்டாத முட்டைக்குப் பின்னே, வேண்டப்படாத சேவல்கள் பல நிற்கின்றன.

இதனைக் கூறுவது முட்டை உண்பாரைப் பழித்தற்கன்று. வளரும் பிள்ளைக்கு எளிய விலையிலே புரதம் தரும் உணவு வேறு அதிகம் இல்லை என்பதை யாம் அறிவோம். உண்பவர் உண்மையை அறிந்து உண்க. விலக்குபவர் உண்மையை அறிந்து விலக்குக. அறியாமையினாலே உண்பதும் அறியாமையினாலே விலக்குவதும் கல்வி கற்றார்க்கு ஒவ்வா என்பதே எமது துணிபு. முட்டை மச்சம் என்று தம் குலவழக்கினால் விலக்குபவர், அதிலே குஞ்சு உண்டு என்று பொய்க்காரணம் தேட வேண்டியதில்லை. வழக்கே போதிய காரணம்.

மாணாக்கர் மனங்கொள்ளுமாறு தொகுத்துக் கூறுவோம். முட்டைக்குச் சேவல் வேண்டா. குஞ்சுக்குச் சேவல் வேண்டும். அடைக்கு வைப்பது சேவலோடு மேய்ந்த ஊர்க்கோழியின் புது முட்டையாதல் வேண்டும். ஏழாம் நாள் வெளிச்சத்திலே பார்த்துக் கருவற்றதை நீக்குதல் வேண்டும். பொரிக்கவில்லையாயிற் பேட்டினை மாத்திரம் பழித்தலாகாது.

இக்கரையிலே காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராயும் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராயும் ஒருங்கே விளங்கியவர். தமிழும் விஞ்ஞானமும் இரு வேறு வளவுகள் அல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவ்வழியிலே எமது கல்லூரி மாணாக்கர், கண்முன்னே கிடக்கும் எளிய பொருளையும் வினாவி, ஆராய்ந்து, நல்ல தமிழிலே எடுத்துரைக்கும் ஆற்றல் பெற்று ஓங்குவார்களாக. விழாக் காணும் கல்லூரி வாழ்க, வளர்க.